கொறிக்கச் சொல்வது யார்?

முறுக்கு வெந்துவிட்டதா என்பதைத் தோட்டத்துப் பாட்டிகள் காதால்தான் கண்டுபிடிப்பார்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே லயத்து வீடுகளின் பின்கட்டில் விறகடுப்பு மூட்டி, குவாலியில் எண்ணெய் காய வைத்துவிடுவார்கள். பிழிந்த மாவு உள்ளே விழுந்ததும் எண்ணெய் சோவென்று இரையும். பக்கத்து வீட்டுக் கல்யாணப் பேச்சு, கிராணி போட்ட கணக்கில் விட்டுப்போன ஒரு நாள் சம்பளம் என்று ஊர்க்கதை ஓடிக்கொண்டிருக்கும். ஒரு காது மட்டும் சட்டியிலேயே இருக்கும். இரைச்சல் தணிந்து, நுரை சிறுத்து, எண்ணெய் அமைதியாகும் நேரம் பார்த்து 'சத்தம் அடங்கிருச்சு பாரு, எடு' என்பார் பாட்டி. ஜல்லிக் கரண்டி உள்ளே போகும்.

அந்தச் சத்தம் எண்ணெயுடையது என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அது தண்ணீரின் சத்தம். காய்ந்த எண்ணெய் 170, 180 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கிறது. பிசைந்த மாவில் உள்ள நீர் 100 பாகையிலேயே ஆவியாகிவிடும். எண்ணெயில் விழுந்த நொடியில் முறுக்கின் மேற்பரப்பு முழுவதிலிருந்தும் நீராவி சீறிக்கொண்டு வெளியேறுகிறது. நாம் பார்க்கும் ஒவ்வொரு குமிழும் அந்த ஆவிதான். உள்ளிருந்து ஆவி இப்படித் தள்ளிக்கொண்டு வரும்வரை எண்ணெயால் உள்ளே அதிகம் நுழைய முடியாது. மாவின் ஈரம் தீரத் தீரக் குமிழ் குறையும், இரைச்சல் தாழும். சத்தம் அடங்கியது என்றால் ஈரம் தீர்ந்தது என்று பொருள். வெப்பமானியும் கடிகாரமும் இல்லாத அடுப்படியில் ஈரத்தை அளக்க இதைவிடத் துல்லியமான கருவி கிடையாது.

இன்னொரு வியப்பு, சட்டியை விட்டு எடுத்த பிறகுதான் தொடங்குகிறது. பொரித்த பண்டம் தன் எண்ணெயில் பெரும்பங்கை எண்ணெய்க்குள் கிடக்கும்போது குடிப்பதில்லை. வெளியே எடுத்து ஆறும்போதுதான் குடிக்கிறது. முறுக்கின் உள்ளே நுண்ணிய துளைகளில் தங்கிய ஆவி, சூடு குறையக் குறைய மீண்டும் நீராகச் சுருங்கும். உள்ளே அழுத்தம் குறையும். மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெய் அந்தத் துளைகளுக்குள் உறிஞ்சப்படும். ஆகவே கரண்டியைச் சட்டியின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, கொதிக்கக் கொதிக்கவே எண்ணெயை வடியவிடும் பழக்கம் வெறும் சிக்கனம் மட்டுமில்லை. அந்த அரை நிமிடத்தில் வடியாத எண்ணெய் பிறகு வடியவே வடியாது.

பொன்னிறமும் மணமும் வருவது வேறொரு வேதிவினையால். ஈரம் இருக்கும்வரை மாவின் மேற்பரப்பு 100 பாகையைத் தாண்டாது. காய்ந்த பிறகு சூடு ஏறி 140 பாகையைத் தொடும்போது, மாவிலுள்ள சர்க்கரையும் உளுந்தின் புரதக்கூறுகளும் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களாக மாறுகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெய்யார் இதை 1912இல் விளக்கினார். வினைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கோப்பிக்கொட்டை வறுபடும் மணம், ரொட்டி சானாயின் கருகல் புள்ளி எல்லாம் அதே மெய்யார் வினையின் பிள்ளைகள். முறுக்கில் ஓமத்தின் தைமால் வாசம் கூடுதல் வரவு.

அச்சுத் தகட்டில் நட்சத்திரத் துளை போட்டவர் யாரோ, அவருக்கு வடிவியல் தெரிந்திருக்கிறது. முள் முறுக்கின் வரிகள் மேற்பரப்பைக் கூட்டுகின்றன. ஆவி எளிதாக வெளியேறுகிறது, மொறுமொறுப்பான பரப்பும் அதிகமாகிறது. சீடைக்கு இந்த வசதி இல்லை. உருண்டையின் மேல்தோல் முதலில் இறுகிவிட்டால் நடுவில் மாட்டிய ஆவி வழி தேடி வெடிக்கும். சீடையை ஊசியால் குத்திப் போடச் சொல்வது இதனால்தான்.

இனி மொறுமொறுப்பு. ஈரம் போன மாவுச்சத்து, பௌதிகக் கணக்குப்படி ஒரு கண்ணாடி. மூலக்கூறுகள் அசைய இடமில்லாமல் உறைந்து நிற்பதால் அது வளையாது, உடையும். நூறு கிராமில் சில கிராம் ஈரம் கூடினாலே போதும், மூலக்கூறுகள் நகரத் தொடங்கிவிடும். உடைய வேண்டியது வளையும், முறுக்கு நமுத்துப்போகும். மலேசியக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நேரம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. திறந்த தட்டில் வைத்த முறுக்கு மாலைக்குள் தன் ஈரத்தைக் காற்றோடு சமன்செய்துகொள்ளப் பார்க்கும். இந்த ஊரில் பலகாரத்தின் ஆயுளை முடிவுசெய்தது மைலோ டின்னும் சதுர ரொட்டி டின்னும்தான். தோட்டத்து வீட்டில் காலி டின்னை யாரும் தூக்கிப்போட்டதில்லை.

மொறுமொறுப்பு நாக்குக்குத் தெரிவதே இல்லை என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். பல்லும் காதும் சேர்ந்துதான் அதை உணர்கின்றன. 2004இல் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ சம்பினியும் ஒரு சோதனை நடத்தினார்கள். பிரிங்கிள்ஸ் சிப்ஸைக் கடிக்கச் சொல்லி, கடிப்பவரின் கடிச்சத்தத்தை ஒலிவாங்கி வழியாக அவர் காதுக்கே திருப்பி அனுப்பினார்கள். கீச்சான ஒலிகளை மட்டும் சற்று உயர்த்தியபோது, அதே சிப்ஸ் கூடுதல் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாகச் சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். ஒலியைத் தாழ்த்தினால் நமுத்ததாகச் சொன்னார்கள். சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2008இல் இதற்குக் கிடைத்தது. முறுக்கு கடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை என்று குறைப்படாதீர்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது அந்தச் சத்தத்தையும் சேர்த்துத்தான்.

இவ்வளவும் பண்டத்தின் கதை. நம் உடம்பின் கதையைச் சொல்லப் பால்மரக் காட்டுக்குப் போகவேண்டும்.

போர்ட்டிக்சன் வட்டாரத்துச் சுவா பெத்தோங், சிலியாவ், லிங்கி. சிரம்பானை ஒட்டிய லாபு, ரந்தாவ். உள்ளே தள்ளிப் பாகாவ். பால்மரக் காலத்தில் நெகிரி செம்பிலானின் இந்தத் தோட்டங்களில் நாள் தொடங்கியது விடியுமுன் நடக்கும் பெரட்டில். பேர் கொடுத்துவிட்டு, தலைவிளக்கோடு நிரைக்குப் போய், நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, பால் எடுத்து, வாளிகளைக் காண்டாக் கம்பில் சுமந்து கொட்டகையில் கொண்டுவந்து நிறுப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்திருக்கும். ஒரு லிட்டர் வியர்வையில் அரை கிராமிலிருந்து ஏறக்குறைய இரண்டு கிராம்வரை சோடியம் வெளியேறும். காட்டில் பாதி நாள் உழைத்தவர் உடம்பு உப்பையும் கொழுப்பையும் மாவுச்சத்தையும் கேட்டால், அது கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறது.

உப்புக்காக உடம்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மருத்துவ இலக்கியத்தில் ஒரு துயரமான சான்று உண்டு. 1940இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் எழுதியது. மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவன் உப்பை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தான். மருத்துவமனையில் சேர்த்து, மற்றக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் சாதாரண உணவைக் கொடுத்தார்கள். சில நாளில் இறந்துபோனான். அட்ரீனல் சுரப்பி பழுதாகி, அவன் உடம்பால் சோடியத்தைத் தக்கவைக்க முடியாமல் இருந்தது பிறகுதான் தெரிந்தது. தின்ற உப்புதான் அதுவரை அவன் உயிரைப் பிடித்துவைத்திருந்தது.

ஆனால் நம்மில் மிகப் பெரும்பாலோருக்கு உப்பு ஆசை பழக்கத்தில் வந்தது. உணவில் சோடியத்தைக் குறைத்துக்கொண்டவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்தில் நாக்கு மாறிவிடுகிறது, முன்பு பிடித்தது கரிக்கத் தொடங்குகிறது என்பதை 1980களிலேயே ஆய்வுகள் காட்டிவிட்டன. மலேசியப் பெரியவர் ஒருவர் நாளுக்குச் சராசரியாக 7.9 கிராம் உப்பு சாப்பிடுகிறார் என்கிறது சுகாதார அமைச்சின் ஆய்வு. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5 கிராம்.

மாவும் கொழுப்பும் ஒன்றுசேர்வதில் இன்னொரு சூட்சுமம். ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வில், பங்கேற்றவர்களிடம் தின்பண்டப் படங்களைக் காட்டி ஏலம் கேட்கச் சொன்னார்கள். சில பண்டங்களில் கொழுப்பு மட்டும், சிலவற்றில் மாவும் சர்க்கரையும் மட்டும், சிலவற்றில் இரண்டும். கலோரி ஒன்றாக இருந்தும், விருப்பம் ஒன்றாக இருந்தும், இரண்டும் கலந்தவற்றுக்கே கூடுதல் பணம் கொடுக்க முன்வந்தார்கள். மூளையின் வெகுமதிப் பகுதியும் அவற்றுக்கே அதிகமாகக் கிளர்ந்தது. இயற்கையில் இந்தச் சேர்க்கை அபூர்வம். பழத்தில் சர்க்கரை உண்டு, கொழுப்பு இல்லை. இறைச்சியில் கொழுப்பு உண்டு, மாவு இல்லை. தாய்ப்பாலில் இரண்டும் உண்டு. அதற்கடுத்து இந்தச் சேர்க்கையைக் கொடுப்பவை பெரும்பாலும் அடுப்பில் பிறந்தவை: முறுக்கு, வடை, பிசாங் கோரேங், சிப்ஸ்.

இதோடு 'மிக்சர்' விவகாரத்தையும் சொல்லிவிடவேண்டும். சம்பளத்தன்று தோட்டத்தில் கூடும் சந்தையில் கச்சாங் பூத்தே விற்பவரின் பெட்டிகளுக்கு முன்னால் பிள்ளைகள் நின்ற இடத்தை விட்டு நகரமாட்டார்கள். வறுத்த கடலை, உப்புக்கடலை, ஓமப்பொடி, கார பட்டாணி, காகிதச் சுருளில் எல்லாவற்றிலும் கொஞ்சம். பேராவில் ஈப்போவின் புந்தோங்கில் இந்தத் தொழிலுக்கென்றே கம்போங் கச்சாங் பூத்தே என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. கலவையை நிறுத்தவே முடியாமல் தின்பதற்குக் காரணத்தை 1981இல் பார்பரா ரோல்ஸ் குழுவினர் விளக்கினார்கள். ஒரே சுவையைத் தொடர்ந்து தின்றால் அந்தச் சுவை மட்டும் அலுத்துவிடுகிறது. வயிற்றில் இடம் இருக்கும், நாக்கு போதும் என்றுவிடும். வேறு சுவை வந்தால் அலுப்பு கலைந்துவிடும். மிக்சரில் கைக்குக் கை சுவை மாறுவதால் அலுப்பு வருவதற்குள் பொட்டலம் காலியாகிவிடுகிறது. கல்யாண விருந்தில் வயிறு முட்டத் தின்ற பிறகும் பாயசத்துக்கு இடம் கிடைப்பதும் இதனால்தான்.

காரத்துக்கு ஒரு வரி போதும்: மிளகாயின் காப்சாய்சின் நாக்கில் தொடும் உணர்வி சுவைக்கானதே அல்ல, 43 பாகைக்கு மேற்பட்ட சூட்டை எச்சரிப்பது. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

அப்படியானால் ஆலையில் செய்யும் சோள வளையமான சூப்பர் ரிங்கும் முறுக்கும் ஒன்றுதானா? உப்பு, எண்ணெய், மாவு, சத்தம் எல்லாம் இரண்டிலும் இருக்கின்றன. நான் இல்லை என்பேன். செய்முறையைப் பாருங்கள். முறுக்கு அச்சும் ஆலையின் பிதுக்கு இயந்திரமும் சொந்தக்காரர்கள்தாம். இரண்டும் மாவைத் துளை வழியே தள்ளுகின்றன. ஆலை இயந்திரத்தில் சோளக் குருணை கடும் அழுத்தத்திலும் சூட்டிலும் நசுங்கி வருகிறது. துளையை விட்டு வெளியே வந்த கணத்தில் அழுத்தம் விலக, உள்ளிருக்கும் நீர் ஒரேயடியாக ஆவியாகி மாவை ஊதிவிடுகிறது. இந்த வித்தையை 1930களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மாட்டுத்தீவன ஆலை ஒன்றில் தற்செயலாகக் கண்டார்கள். இயந்திரம் அடைத்துக்கொள்ளாமலிருக்க ஈரச் சோளத்தைப் போட்டபோது, மறுபக்கம் பொங்கிய சுருள்கள் வந்து விழுந்தன. ஊழியர் ஒருவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணெயும் உப்பும் சேர்த்துப் பார்த்தார். ஒரு தொழிலே பிறந்தது. மாமி மான்ஸ்டர் வேறு கிளை. மலாக்காவில் 1971இல் தொடங்கிய நிறுவனம், பிள்ளைகள் உடனடி மீயை வேகவைக்காமலே நொறுக்கித் தின்பதைக் கவனித்து, தின்னவே ஒரு மீயைச் செய்தது. எண்ணெயில் பொரித்து ஈரம் நீக்கிய மீயும் பௌதிகக் கணக்கில் முறுக்கின் தம்பிதான்.

ஊதிய சோள வளையம் வாயில் வைத்ததும் கரைகிறது. பெரும்பகுதி காற்று. இவ்வளவு எளிதாகக் கரைவது கொஞ்சமாகத்தான் தின்றோம் என்ற மயக்கத்தைக் கொடுக்கிறது. 2019இல் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தில் கெவின் ஹால் 20 பேரை நான்கு வாரம் உள்ளேயே தங்கவைத்து ஒரு சோதனை நடத்தினார். இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சமைத்த உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமமாக வைத்து, வேண்டியமட்டும் சாப்பிடுங்கள் என்று விட்டார்கள். ஆலை உணவு தின்ற வாரங்களில் நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள்; ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை கூடியது. வேகமாகவும் தின்றார்கள். முறுக்கு அந்த வேகத்துக்கு விடாது. நான்கு தின்றால் தாடை வலிக்கும்.

தாடை வலிப்பதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. அரிசி ஊறவைத்து, இடித்துச் சலித்து, உளுந்து வறுத்து அரைத்து, பிசைந்து, பிழிந்து, அனலில் நின்று பொரிப்பதற்கு நான்கு பெண்களின் ஒரு முழு நாள் போகும். அதனால் முறுக்கு ஆண்டில் ஓரிரு முறைதான் வந்தது. நம் முன்னோர் நாவடக்கத்தில் நம்மைவிட உயர்ந்தவர்கள் என்று நான் நம்பவில்லை. டின் திறந்திருந்தால் அவர்களும் காலிசெய்திருப்பார்கள். ஆசைக்கும் வாய்க்கும் நடுவில் அவ்வளவு உழைப்பு நின்றது, அவ்வளவுதான். பாக்கெட் அந்த உழைப்பை அகற்றிவிட்டது. தோட்டத்துச் சீனர் கடையில் சரம்சரமாகத் தொங்கும் பாக்கெட்டைப் பிள்ளை சில்லறைக் காசுக்குப் பிய்த்துக்கொண்டு போகலாம். காசில்லாவிட்டால் அப்பா பேரில் கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.

அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் 'மிஞாக் சாவிட்' என்று இருக்கும், செம்பனை எண்ணெய். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூரின் தென்னமரத்தில் தொடங்கியது. 1960களுக்குப் பிறகு நெகிரி செம்பிலானிலும் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். சிற்றுண்டி ஆலைகள் இந்த எண்ணெயை விரும்பக் காரணம் உண்டு. எளிதில் காற்றோடு வினைபுரிந்து சிக்குவாடை அடிக்கும் லினோலெயிக் அமிலம் இதில் பத்தில் ஒரு பங்குதான். பண்டம் மாதக்கணக்கில் கெடாது. கொழுப்பில் பாதி நிறைகொழுப்பு என்பதால் இதயத்துக்கு அது அவ்வளவு நல்லதில்லை. குலை வெட்டியவர் வீட்டுப் பிள்ளை, அந்தக் குலையின் எண்ணெயில் ஊறிய வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறது. அரசாங்கம் மானியம் கொடுத்து ஒரு கிலோ 2 வெள்ளி 50 காசுக்கு விற்கும் பாக்கெட் எண்ணெயும் அதுவே. பொரிப்பது இந்நாட்டில் மலிவான சமையல்.

உழைப்பு அகன்றது அடுப்படியில் மட்டுமா? சிரம்பான் 2, பண்டார் ஸ்ரீ செண்டாயான் எழுந்து நிற்பது பால்மரமும் செம்பனையும் நின்ற மண்ணில். தோட்டத்தை விட்டு வந்தவர்கள் நீலாய், செனவாங் தொழிற்சாலைகளிலும், காவலர் நாற்காலிகளிலும், லாரி இருக்கைகளிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். வியர்வை நின்றது, வியர்வைக்காகக் கேட்ட உப்பும் எண்ணெயும் நிற்கவில்லை.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் 31.4 விழுக்காடு. மாநிலங்களில் முதலிடம் நெகிரி செம்பிலானுக்கு, 33.2 விழுக்காடு. இதற்கு முறுக்கையும் மாமியையும் மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. பரம்பரை, சீனி போட்டுக் காய்ச்சிய தேத்தண்ணி, சோற்றளவு, உடலசைவின்மை எல்லாம் கூடத்தான் நிற்கின்றன. ஆனால் 'வாயைக் கட்டு' என்று திட்டுவதால் பயனில்லை என்பது மேலே சொன்ன அறிவியலிலிருந்து தெளிவு. வாய் தனக்குத் தெரிந்ததைச் செய்கிறது. கட்டவேண்டியது வழியை. பாக்கெட்டோடு தொலைக்காட்சிக்கு முன் உட்காராமல் ஒரு சின்னத் தட்டில் கொட்டிக்கொண்டு, பாக்கெட்டை அடுப்படியிலேயே விட்டு வாருங்கள். முறுக்கு தின்ன ஆசையா, அச்சை எடுத்து நீங்களே பிழியுங்கள். ஒரு நாள் நின்று பொரித்தவர் மறுவாரமே மறுபடி பொரிக்கமாட்டார்.

அதே ஆய்வில் நீரிழிவு இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. அரசாங்கச் சுகாதார மருத்துவகத்தில் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. நாற்பது தாண்டியவர்கள் இந்த வாரமே போய் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாருங்கள்.